டாரோ சீட்டுகளை வைத்துத் தன்னைத் தானே யோசித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் டாரோ, ஆரக்கிள் கார்டுகளை வைத்து மனதில் இருப்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறார்கள். எந்தச் சீட்டுக்கட்டு வாங்குவது, உட்கார்ந்தால் என்ன செய்வது, எதில் கவனமாக இருப்பது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். நம்பிக்கை இல்லாதது இதற்குத் தடையே இல்லை. சீட்டுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. கலைத்துப் போட்ட 78 படங்களில் ஏதோ ஒன்று மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் படத்தில் உங்கள் கண் எங்கே போய் நிற்கிறது, எந்த உருவத்தை ‘இது நான்’ என்று எடுத்துக்கொள்கிறது, எதைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே இந்தப் பழக்கத்தில் முக்கால்வாசி நேரம் பார்ப்பதும் எழுதுவதும்தான். பொருள் சொல்லும் புத்தகம் கடைசியில் திறக்க வேண்டியது. பலர் அதை முதலில் திறந்துவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றி, கட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது.

கட்டு வாங்குவதற்கு முன் கொஞ்சம் வரலாறு தெரிந்தால் நல்லது. டாரோ 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகப் பிறந்தது. மிலான் நகரை ஆண்ட விஸ்கொன்டி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகத் தங்கப் பூச்சோடு வரைந்த சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கோப்பை, வாள், கோல், காசு என்ற நான்கு இனங்களோடு துருப்புச் சீட்டுகளையும் சேர்த்து ஆடும் ஆட்டம் அது. பிரான்ஸில் இப்போதும் ஆடுகிறார்கள். இது பழைய எகிப்தியரின் ரகசிய ஞானம் என்ற கதையை 1781-இல் கூர் டி ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளிலேயே எத்தெய்யா என்ற புனைபெயர் கொண்டவர் டாரோவில் குறி சொல்லும் முறையை அச்சிட்டார். அதாவது, ஆட்டமாகப் பிறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் எதிர்காலம் சொல்லும் வழக்கம் இதில் பெரிதாக ஒட்டிக்கொண்டது.

உங்கள் நோக்கத்துக்கு முக்கியமான ஆண்டு 1909. அந்த ஆண்டு லண்டனில் ரைடர் நிறுவனம் ஒரு கட்டு வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. 78 படங்களையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள் மட்டும்தான் இருக்கும், ரம்மி சீட்டில் ஐந்து ஆட்டின் இருப்பதைப் போல. ஸ்மித் அந்த எண் சீட்டுகளிலும் காட்சிகளை வரைந்தார். கோப்பை ஐந்தில் கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்கின்றன. ஆற்றின் மேல் ஒரு பாலம், அக்கரையில் ஒரு கட்டடம். பார்த்து யோசிக்க இப்படி ஒரு காட்சி வேண்டும்.

அதனால் தொடக்கத்துக்கு ரைடர் வெயிட் ஸ்மித் கட்டு, அல்லது அதன் காட்சிகளைப் பின்பற்றிய ஏதாவது ஒன்று போதும். பழைய பிரெஞ்சு வகையான மார்செய் கட்டில் எண் சீட்டுகளுக்குக் காட்சி கிடையாது, முதலில் வேண்டாம். ஆங்கிலேய மறைஞானி அலிஸ்டர் க்ரௌலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த தோத் கட்டு ஓவியமாக மிக அழகானது. ஆனால் அதன் எண் சீட்டுகளில் ‘துக்கம்’, ‘அழிவு’ என்று தலைப்பே அச்சாகியிருக்கிறது. எழுத்தைப் படித்த கணமே கண் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதில் போலிகள் நிறைய. மங்கலான அச்சு, மெல்லிய அட்டை, கையேட்டுக்குப் பதில் ஒரு கியூஆர் கோடு, இவை அடையாளங்கள். எதை வாங்கினாலும் வந்தவுடன் 78 இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள்: மேஜர் அர்கானா எனப்படும் துருப்புச் சீட்டுகள் 22, மைனர் அர்கானா எனப்படும் இனச் சீட்டுகள் நான்கு இனத்துக்கும் தலா 14. பணம் போட விருப்பமில்லை என்றால் அச்சிட்டுக்கொள்ளலாம். ஸ்மித் 1951-இல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால் 1909-ஆம் ஆண்டின் மூலப் படங்கள் இங்கே பொதுவுடைமை. பிற்காலத்தில் புதிதாக வண்ணம் சேர்த்த பதிப்புகளுக்குத் தனி உரிமை இருக்கலாம், அவற்றைத் தவிர்த்துப் பழைய ஸ்கேன்களை எடுங்கள். சீட்டை 60 × 103 மில்லிமீட்டராக வைத்தால் ஏ4 தாளுக்கு ஆறு, மொத்தம் 13 தாள். 300 ஜிஎஸ்எம் அட்டையில், பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

முதல் கட்டை யாராவது பரிசாகத்தான் தர வேண்டும், பட்டில்தான் சுற்ற வேண்டும், நிலவொளியில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் விட்டுவிடலாம். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் சீட்டுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டும். மூடியுள்ள டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் சரி.

இனி உட்காரும் முறை. மொத்தம் 20 நிமிடம் எடுத்துவையுங்கள், போனைத் தள்ளி வையுங்கள்.

முதல் வேலை கேள்வியை எழுதுவது. மனதில் நினைத்தால் போதாது, நோட்டில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்தபின் கேள்வி தானாக வளைந்து படத்துக்கு ஏற்றாற்போல் மாறிவிடும். ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வி இங்கே பயன்படாது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர்கள் சிவப்பா வெள்ளையா என்று முடிவைத் தெய்வத்திடம் விடுகிறார்கள். அங்கே அந்தப் பதில் முழுமையானது. டாரோ படத்தில் அப்படி ஒரு பதிலே கிடையாது, நீங்களாக ஒன்றை ஏற்றிச் சொன்னால்தான் உண்டு. ஆகவே ‘வேலையை விடலாமா?’ என்பதை ‘இந்த வேலையில் எதை விட்டுப்போக எனக்கு மனமில்லை?’ என்று மாற்றுங்கள். ‘அவருக்கு என்மேல் கோபமா?’ என்பது அடுத்தவர் மனதைப் பற்றியது, அதைப் படம் சொல்லாது. ‘அவரிடம் நான் சொல்லாமல் வைத்திருப்பது என்ன?’ என்று கேட்கலாம். ‘எப்போது விடியும்?’ என்பதற்குப் பதில் ‘இந்த மாதம் என் கையில் இருப்பது எது?’ கேள்விக்குள் ‘நான்’ வந்துவிட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்து கலைப்பது. புதுக் கட்டு வரிசையாக அடுக்கி வரும். இரண்டு தடவை குலுக்கி எடுத்தால் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகளே சேர்ந்து வரும். ரம்மிக் கட்டைப் போல இரண்டாகப் பிரித்து விரலால் சீறவிட்டுக் கலைப்பது இந்தப் பெரிய அட்டைகளை வளைத்துவிடும். ஒரு துணியை விரித்து, எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, இரு கைகளாலும் ஒரு நிமிடம் அளைந்துவிட்டுச் சேர்த்து அடுக்குங்கள். இதில் சில சீட்டுகள் தலைகீழாகும். எடுக்கும்போது நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள். தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பொருள் சொல்லும் முறைகள் இருக்கின்றன, ஆனால் பார்த்து யோசிப்பதற்கு நேரான படமே வசதி.

பிறகு ஒரே ஒரு சீட்டு. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. உதாரணமாக வாள் எட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு நிமிடம், இருப்பதை மட்டும் எழுதுங்கள். ஒரு பெண். கண்ணில் கட்டு. உடம்பைச் சுற்றிக் கட்டு. தரையில் குத்திய எட்டு வாள்கள். காலடியில் ஈரம். தொலைவில் குன்றின் மேல் ஒரு கோட்டை. ‘பாவம், மாட்டிக்கொண்டாள்’ என்று உடனே எழுத வரும். அது படத்தில் இல்லை, நீங்கள் சேர்த்தது. அதையும் எழுதலாம், ஆனால் அடியில் கோடு போட்டு வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. இரண்டு நிமிடம் கழிந்ததும் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று தோன்றும். அப்போதுதான் இன்னும் இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். கால்கள் கட்டப்படவில்லை என்பது அப்போதுதான் தெரியும். அவளுக்கு முன்னால் வாள் இல்லை. காவலுக்கு ஆளே இல்லை. இவ்வளவு நேரம் ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்டுக்கொள்வதே பாதிப் பலன்.

அதற்குப் பிறகு படத்துக்குள் கேள்வி கேளுங்கள். கண்ணைக் கட்டியது யாராக இருக்கும்? அவள் காதில் என்ன கேட்கிறது? ஒரு அடி முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று அவள் நினைக்கிறாள்? வாள்களை இன்னொருவர் வேலி என்று சொல்லலாம், தன்னைக் காக்க நட்டவை என்று. நோயாளியான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு அந்தத் தூரத்துக் கோட்டைதான் முதலில் தெரியக்கூடும். இரண்டும் தவறில்லை. புத்தகம் ‘சிறைப்பட்ட உணர்வு’ என்று ஒரே வரியில் முடித்துவிடும்; அதை முதலில் படித்திருந்தால் வேலியும் வந்திருக்காது, கோட்டையும் வந்திருக்காது. வழி தெரியாமல் நின்றுவிட்டால் ஒரு கேள்வி எப்போதும் உதவும்: இந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதது எது?

இப்போது கோடு போட்ட வரிகளுக்குத் திரும்புங்கள். படத்தைப் பற்றி எழுதிய ஒரு வாக்கியத்தை எடுத்து, ‘அவள்’ என்ற இடத்தில் ‘நான்’ போட்டு மறுபடி எழுதுங்கள். ‘அவள் யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறாள்’ என்பது ‘நான் யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறேன்’ ஆகும்போது, அது உண்மையா இல்லையா என்று உடனே தெரியும். உண்மையில்லை என்றால் அடித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். உண்மை என்றால் அங்கிருந்து எட்டு, பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். அப்படி எழுதியபின் சிலருக்கு உடனே மனம் லேசாகாது, கனக்கும். 1980-களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் நடத்திய எழுத்துச் சோதனைகளில் தினம் 15 நிமிடமாக நான்கு நாள் எழுதியவர்களுக்கும் எழுதிய உடனே மனம் தாழ்ந்துதான் இருந்தது. அதனால் தூங்கப் போகும் முன் இதைச் செய்யாதீர்கள். காலையோ மாலையோ, எழுந்து போய்ச் செய்ய வேறு வேலை இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

கடைசியில் ஒரே ஒரு சிறு செயலை எழுதி முடியுங்கள், இரண்டு நாளுக்குள் செய்யக்கூடியதாக: ஒரு போன், ஒரு கடிதம், ஒரு கணக்குப் பார்ப்பது. வேலை, கல்யாணம், பணம், வைத்தியம் பற்றிய பெரிய முடிவை அன்றே எடுக்க வேண்டாம்.

புத்தகத்தை இப்போது திறக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ‘உங்கள் ஆளுமை அறிக்கை’ என்று ஒரு தாளைக் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே வாசகம்தான், பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26. டாரோ கையேட்டின் வரிகளும் அதே வகை. ஆகவே உங்கள் சீட்டின் பொருளைப் படித்ததும், கண்ணை மூடி வேறொரு பக்கத்தைத் திறந்து அதையும் படியுங்கள். அதுவும் அதே அளவு பொருந்தினால் முதல் வரி உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். நீங்களே எழுதிய பக்கத்தில் அப்படி எல்லோருக்கும் பொருந்தாத, உங்களுக்கே உரிய ஏதாவது ஒரு வரி இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று சீட்டுக்குப் போவது ஒரு மாதம் கழித்துப் போதும். கடந்தது, நடப்பது, வரப்போவது என்று வைப்பது வழக்கம். அது மறுபடி குறிக்கு இழுத்துச் செல்லும். நடந்தது என்ன, அதைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளும் கதை என்ன, நான் பார்க்காமல் விட்டது என்ன என்று மூன்று இடம் வையுங்கள். நடு இடம்தான் பயனுள்ளது. பத்துச் சீட்டுகளைப் பரப்பும் செல்டிக் க்ராஸ் முறை தனியாக யோசிப்பவருக்கு அதிகம். ஒரு படத்துக்குக்கூட ஐந்து நிமிடம் நிலைத்துக் கொடுக்க முடியாது.

பயம் வரும் இடம் ஒன்று உண்டு, அதற்குக் கணக்குத் தெரிந்தால் போதும். தினம் ஒரு சீட்டு எடுத்துத் திருப்பி வைப்பவருக்கு 11 நாளுக்குள் ஏதாவது ஒரு சீட்டு இரண்டாம் முறை வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். ஒரு மாதத்தில் அது ஏறக்குறைய நிச்சயம். ‘இது என்னைத் துரத்துகிறது’ என்று எண்ண வேண்டியதில்லை. மூன்று சீட்டில் ஒரு மேஜர் அர்கானாவாவது இருக்க 64 சதவீதம் வாய்ப்பு. மரணம், சாத்தான், கோபுரம், வாளில் 3, 5, 8, 9, 10, கோப்பை ஐந்து, காசு ஐந்து என்று மனதைக் கலக்கும் பத்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டால், மூன்று சீட்டு எடுக்கும்போது ஏறக்குறைய மூன்று தடவைக்கு ஒரு தடவை அவற்றில் ஒன்றாவது வந்தே தீரும். மரணம் சீட்டையே முழுதாகப் பாருங்கள்: வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு, கீழே விழுந்து கிடக்கும் ராஜா, கைகூப்பி நிற்கும் மதகுரு, மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு இளம்பெண், குதிரையை நேராகப் பார்க்கும் ஒரு குழந்தை, தொலைவில் இரண்டு கோபுரங்களுக்கிடையே சூரியன். நான்கு பேர் ஒரே விஷயத்தை நான்கு விதமாக எதிர்கொள்கிறார்கள். முடிந்துபோன ஒன்றை எதிர்கொள்ள வேண்டிய நேரத்தில் இதைவிட உதவும் படம் கட்டில் குறைவு.

இந்தப் பழக்கம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பிடிக்காத சீட்டு வந்ததும் இன்னொன்று எடுப்பது. இரண்டாவது எடுத்த கணத்தில் நீங்கள் யோசிப்பதை விட்டுவிட்டு ஆறுதல் தேட ஆரம்பித்துவிட்டீர்கள். ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்க ஒரு வாரமாவது இடைவெளி. எடுக்காமல் இருக்க முடியவில்லை, எடுக்காவிட்டால் பதற்றம் ஏறுகிறது, வெளியே போவதற்கும் சீட்டைக் கேட்கிறேன் என்ற நிலை வந்தால் கட்டை மூடி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தீனியாகிவிடும். தூக்கமே போய்விட்ட நாட்களிலும், புதிய துக்கத்திலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும்போதும் சீட்டு வேண்டாம், மனிதர்கள் வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

ஆரக்கிள் கார்டுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டாரோவுக்கு உள்ள 78 என்ற கட்டுக்கோப்பு இவற்றுக்குக் கிடையாது. வரைபவர் நினைத்ததுதான் எண்ணிக்கை, நினைத்ததுதான் கருப்பொருள். தொல்லை என்னவென்றால் பெரும்பாலான கட்டுகள் ‘நம்பிக்கை வை’, ‘விட்டுவிடு’, ‘நீ நேசிக்கப்படுகிறாய்’ என்று இனிப்பாக மட்டும் பேசும். கஷ்டமான படமே இல்லாத கட்டில் கஷ்டமான விஷயத்தை யோசிக்க முடியாது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் வாசகத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டு, முதலில் சொன்னபடி படத்தை மட்டும் பாருங்கள். பிறகு வாசகத்தைத் திறந்து அதைக் கேள்வியாக்குங்கள். ‘விட்டுவிடு’ என்றால்: எதை? அதை விட்டால் யாருக்கு நஷ்டம்? எதை விடவே கூடாது?

அதைவிட நல்லது நீங்களே ஒரு கட்டு செய்துகொள்வது. விசிட்டிங் கார்டு அளவில் 30 வெற்று அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. ‘இதில் யாருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்?’ ‘இதே விஷயத்தை 10 வயதில் எப்படிப் பார்த்திருப்பேன்?’ ‘இதைச் செய்யாமல் விட்டால் எது அப்படியே இருக்கும்?’ ‘யாருடைய வார்த்தையை என் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்?’ இப்படி. 20 கேள்வியை இப்போது எழுதுங்கள், பத்து அட்டையைக் காலியாக வையுங்கள். டாரோ நோட்டை 30 நாளுக்கு ஒருமுறை எடுத்துப் படிக்கும்போது, எந்தச் சீட்டு எத்தனை முறை வந்தது என்று பார்க்காதீர்கள். நீங்கள் எழுதிய கேள்விகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஒரே கேள்வி வேறு வேறு உடுப்பில் நாலைந்து தடவை வந்திருக்கும். அதைச் சுற்றிவளைக்காமல் ஒரே வரியில் எழுதினால், காலி அட்டைகளில் ஒன்று நிரம்பும். அதற்குப்பின் டாரோவில் ஒரு படம், இந்தக் கட்டில் ஒரு கேள்வி என்று இரண்டையும் சேர்த்து எடுக்கலாம்.